கண்ணாடி அறையும் முடுக்குப் பாதையும்

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நம் வீடுகளில் கண்ணாடி பெருகிவிட்டது. மாடிப்படியின் கைப்பிடிச் சுவரில் கண்ணாடி, குளியலறைத் தடுப்பில் கண்ணாடி, தலைவாசலின் இருபுறமும் கண்ணாடி. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பும் ஆண்கள் அங்கே கண்ட வில்லாக்களை மனத்தில் சுமந்து வருகிறார்கள். பிள்ளைகளோ கைப்பேசியில் இங்கிலாந்து வீடுகளின் படங்களைக் காட்டுகிறார்கள்: பழைய செங்கல் வீட்டின் பின்புறத்தில் சுவர், கூரை அனைத்தும் கண்ணாடியாலான ஓர் அறை, அதன் நடுவே ஒரு சாப்பாட்டு மேசை, வெளியே பசும்புல். எங்கள் வீட்டுக்கும் முதலில் அந்தப் படம்தான் வந்தது. அந்தப் படத்திலிருந்து இப்போது நின்றுகொண்டிருக்கும் அறைக்கு வந்துசேர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் நாங்கள் கேட்டறிந்தவையும் எங்களுக்குள் வாதாடித் தீர்த்தவையும், வீட்டைப் பெரிதாக்க எண்ணும் குடும்பங்களுக்கு உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுடையது காயல்பட்டினத்து வீடு. பெண்ணுக்கே வீடு என்பது எங்கள் ஊர் வழக்கம். மணமுடித்து வரும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவ்வாறே இந்த வீடு உம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. தெருவைப் பார்த்த முகம் கிழக்கு. அகலம் 18 அடி, நீளம் 90 அடிக்குச் சற்று மேல். ரயில் பெட்டிகளைப் போல ஓர் அறைக்குப் பின் மற்றோர் அறை. வடபுறமாக, எங்கள் எல்லைக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இடையே, பின்கட்டை ஒட்டி ஒரு முடுக்கு. காயல்பட்டினத்தைச் சாராத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: முடுக்கு என்பது வீடுகளுக்கு இடையே பெண்கள் நடமாடும் ஒடுங்கிய சந்து. ஆண்கள் தெருவில் போவார்கள்; பெண்கள் முடுக்கில் போவார்கள். நாலு வீடு தள்ளி இருக்கும் மாமியிடம் ஒரு கிண்ணம் கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர, பெருநாள் துணியைக் காட்டிவிட்டு வர, தெருவில் இறங்க வேண்டிய தேவையே இராது.

இத்தகைய நீள வீடுகளில் நடு அறைகளுக்கு வெளிச்சம் வருவதில்லை. வாப்பா வஃபாத்தானபோது உம்மா இத்தா இருந்தது அப்படியொரு நடு அறையில்தான். நான்கு மாதமும் பத்து நாளும். அந்த அறையின் ஓட்டுக் கூரையில் பதித்திருந்த ஒரேயொரு கண்ணாடி ஓடுதான் பகலுக்கும் இரவுக்கும் அடையாளம். காலை பத்து மணி வாக்கில் ஒரு சதுர வெளிச்சம் மேற்குச் சுவரில் விழும். உச்சிப்பொழுதில் தரைக்கு வரும். அஸருக்கு முன்பே மறைந்துவிடும். உம்மா தம் அரபுத் தமிழ்க் கிதாபை எடுத்துக்கொண்டு அந்தச் சதுரத்தின் பின்னாலேயே பாயை நகர்த்திக்கொண்டு போவார்கள். பழைய அச்சு, நெருக்கமான எழுத்து, கண்ணில் வேறு புரை. இத்தா முடிந்தபின் கண்ணுக்கு அறுவை செய்தோம். பார்வை திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முழங்கால்கள் மாடிப்படி ஏற இடம் தரவில்லை. ஆகவே, தரைத்தளத்திலேயே, வெளிச்சமும் காற்றும் உள்ள ஓர் அறை உம்மாவுக்கு வேண்டும். திட்டத்தின் தொடக்கம் இதுதான்.

என் மகன் சென்னையில் கட்டடக்கலை படிக்கிறான். அவன் வரைந்து அனுப்பிய முதல் வரைபடம் மிக அழகாகத்தான் இருந்தது. பின்கட்டுக்கு அப்பாலுள்ள கொல்லை முழுவதையும், 18 அடி அகலத்துக்கும், ஒரே கண்ணாடிப் பெட்டியாக மாற்றியிருந்தான். மேற்கே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கூரையும் கண்ணாடி. கணவர் துபாயிலிருந்து கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு “மாஷா அல்லாஹ்” என்றார். உம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு பேரனிடம் கேட்டார்கள்: “இதுக்குள்ள நான் முக்காடு போடாம எங்கே வாப்பா உட்காரட்டும்?”

முதலில் வெயிலைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி அறை என்பது குளிர்நாட்டின் தேவையிலிருந்து பிறந்தது. அங்கே சூரியன் தாழ்ந்து, தெற்கே சாய்ந்து வரும். அதன் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகவே அவர்கள் கண்ணாடி போடுகிறார்கள். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் மாதக் கடைசியிலும் சூரியன் நண்பகலில் நேராக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நமக்கு வடக்கே நிற்கும். அதாவது, நம்மைப் பொறுத்தவரை வெயில் அதிகம் வாங்கும் பரப்பு சுவரன்று, கூரை. குளிர்நாட்டுப் படத்தைப் பார்த்துக் கண்ணாடிக் கூரை போடுவது, அடுப்பின் மேல் நாமே ஏறி உட்காருவதைப் போன்றது. சாதாரணத் தெளிந்த கண்ணாடி தன்மீது படும் வெயிலின் வெப்பத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கை உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த வெப்பம் தரையையும் பாயையும் சூடாக்கும். அவை திருப்பி உமிழும் வெப்பமோ கண்ணாடியைத் தாண்டி வெளியேற இயலாது. அதனால்தான் கண்ணாடிக்கு உட்புறம் தொங்கவிடும் திரை அறையைக் குளிர்விப்பதில்லை. வெயில் அதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டது. நிழல் என்பது கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும்.

வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடிகள் இருக்கின்றன. லோ-ஈ என்றும் சோலார் கன்ட்ரோல் என்றும் கடைகளில் சொல்வார்கள். நல்ல வகையாயின் வெப்பத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே வரும். ஆயினும் அதன் விலையைக் கேட்டபின், இரண்டரை அடி தாழ்வாரம் இறக்குவது மலிவு என்று மேஸ்திரி சொன்னார். அவர் சொன்னதை மகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஜூன் மாத நடுப்பகலில் வடக்கே சாயும் சூரியன் நம் ஊரில் உச்சியிலிருந்து 15 பாகைதான் விலகுகிறது. எனவே வடபுறச் சுவருக்கு மேல் இரண்டரை அடி நீட்டிய தாழ்வாரம், அதன் கீழே ஒன்பது அடி உயரத்துக்கு நிழல் தந்துவிடும். வடக்குப் பார்த்த கண்ணாடிக்கு விலையுயர்ந்த பூச்சு தேவையில்லை. ஆண்டு முழுதும் அங்கே கிடைப்பது கூசாத, நிலையான வெளிச்சம். புரை அறுவை செய்துகொண்ட கண்ணுக்கு வேண்டியதும் அதுவே. மேற்கோ நேர்மாறு. பிற்பகல் மூன்று மணிக்குமேல் சாய்ந்து வரும் வெயிலை எந்தத் தாழ்வாரமும் தடுக்காது. ஆனி, ஆடியில் நிலப்பக்கமிருந்து வீசும் கச்சானின் புழுதியும் அந்தப் பக்கந்தான்.

மேற்கைப் பற்றி இன்னொன்றும் உண்டு. நம் ஊரிலிருந்து கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 24 பாகை தள்ளி. ஆயினும் தொழுகைக்கு நிற்பவரின் முகத்துக்கு எதிரே வருவது மேற்குச் சுவர்தான். அது முழுக் கண்ணாடியாக இருந்தால் மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் என்ன ஆகும்? வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. கண்ணாடி அப்போது கண்ணாடியாக இராது, முகம் பார்க்கும் ஆடியாகிவிடும். தொழுபவர் தம் எதிரே தம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார். இதை நான் சொன்னதும் மகன் ஒரு நொடி பேசாமல் இருந்து, பிறகு மேற்குச் சுவரை வெறும் செங்கல் சுவராக வரைந்தான். மேலே, கூரையை ஒட்டி, காற்றுப் போக ஒரு வரிசைத் துவாரம் மட்டும். கடல் கிழக்கே இருப்பதால் பிற்பகலில் தலைவாசல் வழியாக நுழையும் காற்று வீடு முழுவதும் ஓடிக் கொல்லைப்புறமாகத்தான் வெளியேறும். அந்த வாயை அடைத்துவிட்டால் 90 அடி வீடும் மூச்சு முட்டிப்போகும். திறக்க முடியாத நிலைக்கண்ணாடி விலை குறைவு என்று ஆசை காட்டுவார்கள். நம் கடற்கரை ஊர்களில் அதற்கு மயங்க வேண்டாம்.

இனி பார்வையின் விஷயம். கடைக்காரர் ஒருவர் எங்களுக்குத் தந்த தீர்வு மிக எளிதாக இருந்தது: பிரதிபலிக்கும் கண்ணாடி. உள்ளிருந்து வெளியே பார்க்கலாம், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. பர்தா உள்ள வீடுகளில் எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றார். நடுப்பகலில் தம் கடையின் முகப்பைக் காட்டி மெய்ப்பிக்கவும் செய்தார். அவர் சொன்னது பாதி உண்மை. இந்தக் கண்ணாடி ஒருவழிப் பாதையன்று. எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலோ அந்தப் பக்கத்தவருக்கு அது ஆடி. எந்தப் பக்கம் இருளோ அந்தப் பக்கத்தவருக்கு அது திறந்த ஜன்னல். பகலில் தெருவில் வெளிச்சம், வீட்டுக்குள் மங்கல். ஆகவே உள்ளே தெரியாது. விளக்கு ஏற்றிய மறுகணம் எல்லாம் தலைகீழ். உறவினர் ஒருவர் வீட்டில் இதே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். இஷாவுக்குப் பின் நானும் ராத்தாவும் அந்தத் தெரு வழியே வண்டியில் வந்தபோது, அவர்கள் வீட்டு மேசையில் என்ன ஆணம் என்பதுவரை தெரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கோ தங்கள் பிம்பம் மட்டுமே தெரிந்திருக்கும்.

அன்றிரவு சூரத்துந் நூரை எடுத்துப் பார்த்தேன். வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளும் பணியாளர்களும் கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டிய மூன்று வேளைகளை 58ஆம் வசனம் வகுத்துத் தருகிறது: ஃபஜ்ருக்கு முன், ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் நண்பகல், இஷாவுக்குப் பின். மூன்றில் இரண்டு இருள் வேளைகள். பிரதிபலிக்கும் கண்ணாடி கைவிடுவது சரியாக அந்த இரண்டு வேளைகளில்தான். அனுமதி கேட்கும் ஒழுங்கு ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. கதவைத் தட்டாமல் யாரும் நுழையக் கூடாது என்பதில் நாம் கவனமாக இருக்கிறோம். சுவரையே கதவாக்கிவிட்டால் எங்கே தட்டுவது?

குர்ஆனில் கண்ணாடி வரும் இரண்டு இடங்கள் இந்த மாதங்களில் அடிக்கடி நினைவுக்கு வந்தன. ஒன்று, அதே சூரத்துந் நூரின் 35ஆம் வசனம்: மாடத்தில் விளக்கு, விளக்கு கண்ணாடிக்குள், கண்ணாடி மின்னும் விண்மீனைப் போல. அதன் பொருள் மிக ஆழமானது. வீடு கட்டும் பேச்சுக்கு அதை இழுக்க எனக்குத் துணிவில்லை. மற்றொன்று, சூரத்துந் நம்லில் ஸபா நாட்டு அரசியின் வரலாறு. ஸுலைமான் (அலை) அவர்களின் மாளிகைத் தளம் பளிங்குபோன்ற கண்ணாடியால் ஆனது. அரசி அதைத் தண்ணீர் என்று எண்ணித் தம் ஆடையைச் சற்று உயர்த்திவிடுகிறார். தெளிந்த கண்ணாடி கண்ணை ஏமாற்றும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா? நம் பிள்ளைகள் ஓடிவந்து கண்ணாடிக் கதவில் மோதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். கதவுக் கண்ணாடியில் கண் மட்டத்திலும் குழந்தையின் கண் மட்டத்திலும் ஒவ்வொரு பட்டை ஒட்டிவிடுங்கள். அழகு குறையும், நெற்றி பிழைக்கும்.

கண்ணாடிக் கூரைக்கு வெயிலைத் தவிர இன்னொரு தடையும் இருந்தது. பக்கத்து வீட்டில் சென்ற ஆண்டு மாடி எழுப்பியிருக்கிறார்கள். அந்த மாடி ஜன்னலிலிருந்து குனிந்தால் எங்கள் கொல்லை தெரியும். கொல்லையாக இருந்தவரை அதில் பெரிய இடைஞ்சல் இல்லை. நாங்கள் வெளியே வந்தால் முக்காட்டோடு வருவோம். அறையாக, அதுவும் கண்ணாடிக் கூரையுள்ள அறையாக ஆனால், அவர்கள் தங்கள் சொந்த ஜன்னலைத் திறக்கவே தயங்க வேண்டி வரும். நம் கூரை அடுத்தவர் கண்ணுக்கு விலங்காகிவிடும். இதைப் பேசிக்கொண்டிருந்தபோது மகன் ஒரு பழைய செய்தியைச் சொன்னான். எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) என்பவர் மாடியறை ஒன்று கட்டியபோது, அண்டை வீட்டாரின் மறைவு அதனால் கெடுகிறதா என்ற கேள்வி எழுந்ததாம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அங்கிருந்த ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதினார்கள்: அந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, நெடியவனுமல்லாத குட்டையனுமல்லாத ஒருவனை அதன் மேல் நிற்கச் சொல்லிப் பாருங்கள், ஜன்னல் வழியே பார்வை எட்டினால் இடித்துவிடுங்கள். பார்வை எட்டவில்லை, அறை தப்பியது. எகிப்தின் ஆரம்ப கால வரலாற்றில் இந்தச் செய்தி காணப்படுகிறது. பாடத்திட்டத்தில் வந்ததா என்று கேட்டேன். இல்லை உம்மா, நானாகப் படித்தது என்றான். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

நாங்களும் அதையே செய்தோம். பக்கத்து வீட்டு மாமியிடம் அனுமதி பெற்று, அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் கீழே இருந்த நேரத்தில் மகன் மாடி ஜன்னலருகே நின்றான். நான் இங்கே கொல்லையில் ஒரு மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்த உயரம் வரை தெரிகிறது, எங்கே மறைகிறது என்று சுண்ணாம்பால் குறித்தோம். முடுக்கின் பக்கமும் முக்காலி போட்டு ஏறிப் பார்த்துக் குறித்தோம். எங்கள் அறையின் வடபுறச் சுவர் இப்படித்தான் வடிவம் பெற்றது: தரையிலிருந்து மூன்று அடி செங்கல், அதற்கு மேல் ஆறரை அடி உயரம் வரை மங்கல் கண்ணாடி, அதற்கும் மேலே மூன்று அடி தெளிந்த கண்ணாடி. பாயில் அமர்ந்து நிமிர்ந்தால் தாழ்வாரத்துக்கு அப்பால் ஒரு பட்டை வானமும் முருங்கைக் கிளையின் நுனியும் தெரியும்; ஆளின் முகம் தெரியாது. கூரை வழக்கமான கான்கிரீட் தளம். பழைய வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும், ஒன்றேகால் அடி அகலத்துக்கு நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை, அதுவும் மங்கலானது. அதன் வழியாக நடு அறைக்கும் கொஞ்சம் வெளிச்சம் போகிறது.

இந்த வாதங்களெல்லாம் வீட்டுக்குள் இணக்கமாகவே முடிந்தன. முடுக்குதான் முடியவில்லை.

முடுக்கின் அந்தப் பகுதி, நான்கு அடி அகலம், எங்கள் பத்திரத்துக்குள் இருக்கிறது. பாதை என்று எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. 14 அடி அகல அறை சற்றுக் குறுகலாகத் தோன்றும். 18 அடி கிடைத்தால் உம்மாவின் கட்டிலும் போட்டு, பெருநாளில் எல்லாரும் ஒரே சகனைச் சுற்றி உட்காரவும் இடமிருக்கும். கணவரின் வாதம் நியாயமற்றது என்று சொல்ல முடியாது. “நம்ம இடத்துலதானே கட்டுறோம்? அவங்க தெரு வழியா வரட்டுமே. இப்ப எந்தப் பொம்பளை தெருவுல போகாம இருக்கா?” என்றார். அதுவும் மெய்தான். என் மகள் கல்லூரிப் பேருந்துக்குத் தெரு வழியாகத்தான் போகிறாள். நானும் வங்கிக்குப் போகிறேன். முடுக்கு என்பது பழைய காலத்து ஏற்பாடு, இனி எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் ஊரிலேயே பெருகிவருகிறார்கள். முடுக்குகளை வளைத்துக் குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ கட்டிக்கொண்ட வீடுகளும் உண்டு.

என்னால் அதை ஏற்க முடியவில்லை. நான் தெருவில் போக முடியும். தெருவில் இறங்க வயதும் முழங்காலும் விடாத நாலு மூத்த பெண்மணிகள் எங்கள் வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஊர் என்பதே இந்த முடுக்குதான். வாப்பாவின் ஜனாஸா அன்று, முன்வாசல் முழுவதும் ஆண்கள் நின்றிருந்தபோது, பெண்கள் அனைவரும் இந்த வழியாகத்தான் உம்மாவிடம் வந்து சேர்ந்தார்கள். இத்தா நாட்களில் காலையும் மாலையும் யாராவது ஒருவர் சோறோ பேச்சோ கொண்டு வந்தது இந்த வழியாகத்தான். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதில், அவர்களையும் வாரிசாக்கிவிடுவார்களோ என்று தாம் எண்ணியதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். தன் சுவரில் அண்டை வீட்டார் மரக்கட்டை பதிப்பதைக்கூட ஒருவர் தடுக்க வேண்டாம் என்றும் ஹதீஸ் உண்டு. சுவருக்கே அப்படியென்றால் பாதைக்கு?

ஆயினும் ஹதீஸைக் காட்டி வாயடைப்பது கணவன் மனைவிக்கு இடையே நல்ல வழியன்று என்பது என் எண்ணம். அவர் விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு நாள் அஸருக்குப் பின் பின்கட்டு அறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கச் சொன்னேன். முடுக்குப் பக்கக் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். “எத்தனை பேர் போறாங்கன்னு மட்டும் எண்ணுங்க” என்றேன். இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து 26 ஆண்டுகள் ஆகின்றன; அதில் பெரும்பகுதி அயல்நாட்டில். முடுக்கு ஆண்கள் போகும் வழியன்று. ஆகவே அங்கே நடப்பது அவருக்குத் தெரியாதது இயல்பு. செருப்பு ஒலி, வளையல் ஒலி, ஊன்றுகோல் தட்டும் ஒலி, பிள்ளையைத் தூங்கவைக்க யாரோ பைத் பாடிக்கொண்டு போகும் ஒலி. மஃக்ரிப் பாங்கு வரை அவர் எண்ணியது பதினேழு. அதில் மூன்று பேர் கதவைத் தட்டி உம்மாவிடம் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் பள்ளிக்குக் கிளம்பும்போது, “பதினாலு அடியே போதும், உன் மகன்கிட்ட சொல்லு” என்றார்.

தண்ணீரும் அவருக்குக் கைகொடுத்தது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் ஊரில் 24 மணி நேரத்தில் பெய்தது ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. அந்த இரவை ஊரில் யாரும் மறக்கமாட்டார்கள். அன்று எங்கள் கொல்லையின் மண் குடித்தது போக மீதியை முடுக்கு இழுத்துக்கொண்டு போனது. 14 அடிக்கு 16 அடி என்ற எங்கள் கூரையின்மீது மட்டும் அதே மழை விழுந்தால் 20,000 லிட்டர். இரண்டு லாரித் தண்ணீர். முடுக்கை அடைத்து, மண்ணையும் மூடிவிட்டால் அது பக்கத்து வீட்டு அடுக்களைக்குள்தான் போக வேண்டும். ஆகவே மேற்கே எட்டு அடி மண்ணையும் கிணற்றையும் முருங்கையையும் கறிவேப்பிலைச் செடியையும் தொடாமல் விட்டோம். கூரை நீர் குழாய் வழியாகக் கிணற்றை ஒட்டிய உறைகுழிக்குப் போகிறது. அறையின் தரையைப் பழைய வீட்டுத் தரையைவிட உயர்த்தச் சொன்னார் மேஸ்திரி. உம்மாவின் காலுக்குப் படி ஆகாது என்பதால் பழைய தரை மட்டத்திலேயே வைத்து, மேற்குப்புறம் வெளிச்சுவரைச் சுற்றிக் கால்வாய் எடுத்தோம்.

பொருட்களைப் பற்றிச் சில சொற்கள். சுவருக்குப் போடும் கண்ணாடி டஃப்பண்ட் கண்ணாடியாக இருக்கட்டும். அறுநூறு பாகைக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தது. சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு உறுதி. உடைந்தாலும் கத்தி போன்ற சில்லுகளாகாமல் கற்கண்டு போல உதிரும். ஆனால் தலைக்கு மேல் போடுவதற்கு அது மட்டும் போதாது. உதிர்ந்தால் தலையில்தான் உதிரும். கூரைக்கு லேமினேட்டட் கண்ணாடி வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிசின் படலம் இருப்பதால் உடைந்தாலும் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். டஃப்பண்ட் கண்ணாடியைச் சூடேற்றிய பின் வெட்டவோ துளையிடவோ முடியாது. தொட்டால் முழுவதும் நொறுங்கும். ஆகவே அளவு கொடுக்கும்போது கைப்பிடித் துளை, கீல் துளை வரை சொல்லிவிட வேண்டும். பழைய சுவர்கள் நேராக இரா. எங்கள் சுவர் கீழுக்கும் மேலுக்கும் முக்கால் அங்குலம் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு சட்டத்தையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவையே கண்ணாடிக்குக் கொடுத்து, எஞ்சிய இடைவெளியைச் சிலிக்கான் கொண்டு அடைத்தோம்.

உப்புக் காற்று எல்லாவற்றையும் தின்னும். கீல், திருகு, கைப்பிடி எல்லாம் எவர்சில்வர் என்று சொல்லித் தருவதில் பெரும்பாலும் 304 வகைதான் இருக்கும். கடற்கரையில் சில மாதங்களில் தேநீர்க் கறை போலப் பழுப்புப் புள்ளி விழும். 316 என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடியைத் துடைக்கும்முன் வெறுந்தண்ணீரை ஊற்றி உப்பையும் மணலையும் கழுவிவிட வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், அந்தக் கீறல் போகாது.

செலவுக்கு வங்கிக் கடன் எளிதாகக் கிடைக்கும் என்று சொன்னவர்கள் பலர். வட்டியின் வாசலுக்குப் போகாமல் இரண்டு தவணையாகக் கட்டினோம். முதலில் தளமும் சுவர்களும்; ஏழு மாதம் கழித்துக் கண்ணாடி. அதுவரை கண்ணாடி வர வேண்டிய இடத்தில் தார்ப்பாய் தொங்கியது. அந்த ஏழு மாதம் எங்களுக்கு வேறு வகையில் பயன்பட்டது. வெயில் எங்கே விழுகிறது, சாரல் எங்கே அடிக்கிறது, எந்த நேரத்தில் யார் நிழல் தார்ப்பாயில் தெரிகிறது என்பதையெல்லாம் பார்த்து, மங்கல் கண்ணாடியின் உயரத்தை ஆறு அடியிலிருந்து ஆறரை அடிக்கு ஏற்றினோம்.

அறை முடிந்து இப்போது நான்கு மாதங்கள் ஆகின்றன. உம்மா ஃபஜ்ருக்குப் பின் அங்கே போனால் லுஹர் வரை அங்கேதான். கட்டில் வேண்டாம், பாயே போதும் என்கிறார்கள். பகலில் மங்கல் கண்ணாடியில் முடுக்கில் போகிறவர்களின் நிழல் மட்டும் மெல்ல நகரும். நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுகிறார்கள் உம்மா. இந்தக் கலை எங்கள் யாருக்கும் வரவில்லை. இரவில் விளக்கேற்றியதும் உள்ளிருப்பவரின் நிழல் முடுக்கில் விழக்கூடும் என்பதால், உட்புறமாக இழுத்துச் சாத்தும் மரத்தட்டி ஒன்றை ஆசாரி செய்து தந்திருக்கிறார். மஃக்ரிபுக்கு உளூச் செய்யப் போகும்போது உம்மாவே அதை இழுத்துவிடுகிறார்கள்.

சென்ற வாரம் பக்கத்து வீட்டு மாமி வந்து அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தங்கள் பின்கட்டிலும் முடுக்கைப் பார்த்து இப்படியொரு வெளிச்சம் திறக்கலாமா என்று கேட்டார்கள். திறந்தால் அவர்களுடைய கண்ணாடி எங்கள் கண்ணாடிக்கு நேர் எதிரே வரும். அவர்கள் வீட்டுத் தளம் எங்களுடையதைவிட ஓர் அடி உயரம் வேறு. வெள்ளிக்கிழமை மகன் ஊருக்கு வருகிறான். முக்காலியும் சுண்ணாம்பும் எடுத்து வைத்திருக்கிறேன்.